ஷொக்கா, லிங்கா?

கேள்வி: பாவித்த சுபாரு லெகசி டேர்போ வேகன் ஒன்று வாங்கினேன். கிரவல் றோட்டில் முன்பக்கம் “கட கட” என்கிறது. நாலு ஷொக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா? – வாசகர், உயிலங்குளம்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஷொக் அப்சோபர் செத்த கார் சத்தம் போடுவதைவிட ஆடுவதுதான் அதிகம். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எனக்குச் சந்தேகம் ஸ்ரெபிலைசர் லிங்கில்தான். வேகத்தடையில் இரண்டு முன்சில்லையும் ஒன்றாக, மெதுவாக ஏற்றுங்கள். பிறகு ஒரு சில்லை மட்டும் பள்ளத்தில் இறக்குங்கள். முதலாவதில் அடங்கி, இரண்டாவதில் கடகடத்தால் லிங்கேதான். இரண்டு சில்லும் சேர்ந்து எழும்பும்போது, லிங்க் பிடித்திருக்கும் ஸ்ரெபிலைசர் கம்பி முறுகுவதில்லை. லிங்கைக் கையால் ஆட்டிப் பார்ப்பதென்றால் சில்லு நிலத்தில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கினால் அது இறுகிக்கொண்டு நல்லபிள்ளைபோல நடிக்கும்!

பிரேக் பிடிக்கையில் ஒரு தரம் “டொக்” என்றால் லோவர் ஆம் புஷ்ஷைப் பாருங்கள். தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்து ஆட்டம் கண்டால் போல் ஜொயின்ற் அல்லது பெயரிங். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

நின்ற இடத்திலேயே தகரம் அதிருவதுபோலக் கேட்டால் அது சஸ்பென்ஷனே இல்லை. புகைக்குழாயின் வெப்பத் தடுப்புத் தகடு. உங்கள் மன்னார் உப்புக்காற்று அதன் ஆணிகளைத் தின்றிருக்கும். எஞ்சின் ஆறியபின் கையால் தட்டிப் பாருங்கள். பெரிய கிளிப் ஒன்றைப் போட்டு இறுக்கினால் போதும்.