தயிரா, மோரா, ஓஆர்எஸ்ஸா?

குழந்தைக்கு வயிறு போகிறது என்றால் கோலார் தங்கவயல் லைன் வீடுகளில் முதலில் வரும் யோசனை தயிர் சோறு. அது தவறான யோசனை இல்லை. ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுவல்ல. பேதியில் குழந்தையை வீழ்த்துவது உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். தயிர் அந்த இழப்பை ஈடுகட்டாது. அதற்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் கரைசல் வேண்டும்.

1971இல் வங்கதேச அகதிகளுக்கான பங்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, உறவினர்கள் கையாலேயே புகட்டச் செய்தார். முப்பது சதவீதத்தை எட்டிய சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று ஆஷா பணியாளரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும் பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். பெரிய பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி டம்ளரில் கலக்கினால் உப்பு அளவு கெட்டுவிடும். ஒவ்வொரு முறை போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

மருந்துக்கடையில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் அட்டைப்பெட்டி பானங்களை நீட்டினால் வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. குடலுக்குள் மிஞ்சும் சர்க்கரை இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஓஆர்எஸ் என்ற பெயரை இப்படிப்பட்ட பானங்களில் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தயிர் மருந்தல்ல, சாப்பாடு. ஆனால் நல்ல சாப்பாடு. ரோட்டா வைரஸ் போன்றவை குடலின் உள்தோலைச் சிதைக்கும்போது, பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி சில நாட்களுக்குக் குறைந்துபோகும். தயிரில் பாக்டீரியா அந்த லாக்டோஸில் ஒரு பங்கை முன்பே தின்றுவிட்டது. மீதியைச் செரிக்கவும் கைகொடுக்கிறது. நாலு நாள் பேதிக்காக வழக்கமான பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பதினான்கு நாள் தாண்டியும் நிற்கவில்லை, குழந்தையோ டம்ளர் டம்ளராக மாட்டுப்பால் குடிக்கிறது என்றால், டாக்டரைப் பார்ப்பதோடு பாலுக்குப் பதில் தயிர் கொடுப்பது நியாயமான மாற்று. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தயிரும் வேண்டாம், மோரும் வேண்டாம். தாய்ப்பாலை மட்டும் எந்த வயதிலும் நிறுத்தக் கூடாது.

மோர் கொடுக்கலாமா? உப்புப் போட்ட மோரையும் கஞ்சியையும் வீட்டிலேயே கொடுக்கத்தக்க நீராகாரம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. லிட்டருக்குச் சுமார் 3 கிராம் உப்பு, அதாவது தட்டையாக அரை டீஸ்பூன். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் பேத்தமங்கலத்துத் தண்ணீர் குழாயில் வந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு, பல வீடுகளில் டேங்கர் தண்ணீரும் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரும்தான். டிரம்முக்குள் சொம்பை விட்டு மொண்ட தண்ணீரில் மோர் கரைத்தால், பேதியைக் கொண்டுவந்த கிருமியையே திரும்ப ஊட்டியதாகிவிடும். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்க முடிந்தால் மோர். முடியாவிட்டால் கெட்டித் தயிராகவே சோற்றில் பிசைந்து கொடுங்கள். ஓஆர்எஸ் தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும்.

வீட்டுத் தயிரா, நந்தினி பாக்கெட்டா என்பதில் நான் பெரிய வித்தியாசம் பார்க்க மாட்டேன். புளிக்காமல் புதிதாக இருந்தால் போதும். ஆவி பறக்கும் சோற்றில் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும், வெதுவெதுப்பாக ஆறட்டும். பழச்சுவைத் தயிர், இனிப்பு லஸ்ஸி இரண்டும் வேண்டாம். விலை கூடிய புரோபயாட்டிக் பொட்டலங்களுக்கும் நான் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் அவை வெறும் பொடியைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2018இல் தெரிந்தது. தயிர் குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்று பாட்டி தடுத்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கொடுக்காமல் கொஞ்சம் வெளியே வைத்துக் கொடுங்கள். சண்டை போட வேண்டாம்.

தயிருக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியைத் துத்தநாக மாத்திரைக்குச் செலவழிக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10, பேதி நின்றாலும் 14 நாள். பெரியவர்கள் போடும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குத் தரவே கூடாது.

மலத்தில் ரத்தம், குடிப்பதெல்லாம் வாந்தி, குழி விழுந்த கண், அழுதும் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறது, துவண்டு கிடக்கிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தயிரா மோரா என்ற பேச்சை விட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விழுங்க முடிகிற குழந்தைக்கு ஆட்டோவில் போகும்போதும் ஸ்பூன் ஸ்பூனாக ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள்.