மழைக்கால உதைபந்தாட்டம்

மழையிலும் சேற்றிலும் ஆடுதல் உதைபந்தாட்டத்திற்கு இழுக்கன்று. அஃது ஒருவகை இன்பமுமாம். கிரிக்கெட்டு ஆடுவோர் தூறல் கண்டவுடன் கூரை நாடுவர், நம்மவர் நாடார். ஆதலின் ஆட்டத்தை ஒத்திவைத்தல் கோழைமை என்பாரும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. இடையூறு யாது என்று அறிந்தாலன்றி, ஒத்திவைக்கும் வேளை யாது என்று கூறுதல் இயலாது.

புதுவையில் ஆண்டு மழையிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. இந்திரா காந்தி விளையாட்டரங்கம் அமைந்துள்ள உப்பளத்தின் பெயரே அந்நிலம் கடலுக்கு எத்துணை அணித்து என்பதைக் காட்டும். 2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை பிற்பகலிலேதான் ஃபெஞ்சல் புயலென வலுப்பெற்றது. மறுநாள் இரவு புதுவையருகே கரை கடந்து, நகராது நின்று, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வீதிகளில் அகப்பட்டோரை மீட்கப் படைவீரர் வரவேண்டியதாயிற்று. இத்தகைய வேளையில் சனிக்கிழமை காலைவரை காத்திருந்து முடிவு செய்வது எவ்வாறு தகும்? காரைக்காலிலிருந்து ஓர் அணி வருவதாயின் ஏறக்குறைய 130 கி.மீ. வழி கடத்தல் வேண்டும்; விடியுமுன்னரே புறப்பட்டிருக்கும். ஆகவே, புயலுக்கு முன்னாள் மாலையே எல்லை. பின்னர் வானம் வெளுத்துவிடின் நகைப்பாரும் இருப்பர், நகைக்கட்டும்.

நீர் தேங்கிய மைதானத்தின் செய்தி வேறு. இரவெல்லாம் பெய்து பகலில் வெயில் காய்வதும் இப்பருவத்தில் உண்டு. ஆதலின் காலையில் ஒருமுறையும், ஆட்டத்திற்கு இரண்டு மணி முன்னர் ஒருமுறையும் பார்த்தல் நலம். பந்தைப் பல இடங்களில் தோளளவு உயரத்தினின்று விடுக. பின் தரையில் உருட்டுக. எழாமலும் உருளாமலும் நீரிற் படிந்து நின்றால் அன்று ஆட்டமில்லை. இச்சோதனையை ஆடும் அணியாரிடம் விடலாகாது. சிறந்த ஆட்டக்காரன் கால் சுளுக்கிக் கிடக்கும் அணிக்குச் சிறு குட்டையும் ஏரியாகத் தோன்றும்!

இடிமின்னலுக்கோ ஆலோசனையே கூடாது. ஒலி ஒரு கி.மீ. கடக்க ஏறக்குறைய 3 விநாடி செல்லும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் இடிமேகம் 10 கி.மீ.க்குள் உள்ளது, உடனே நிறுத்துக. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் சென்ற பின்னரே மீள்க. நிறுத்தும் அதிகாரம் ஐந்தாம் விதிப்படி மத்தியஸ்தருடையது. ஆயினும் நிறுத்திவிட்டால் மட்டும் போதாது. 2024 நவம்பர் 3 அன்று பெரு நாட்டுச் சில்காவில் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார். ஆட்டக்காரர் வெளியே நடந்துகொண்டிருக்கையில் மின்னல் வீழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். ஓடிப் புகவேண்டிய இடம் கட்டடமோ மூடிய வண்டியோ ஆகும்; மரநிழலும் பந்தலும் அல்ல.

இடையில் முறிந்த ஆட்டத்தை, போட்டி நடத்துவோர் வேறு விதி வகுத்திராவிடின், மறுபடியும் ஆடவேண்டும் என்பது ஏழாம் விதி. ஆதலால் மாற்று நாளையும், இயலுமேல் மாற்று மைதானத்தையும் அட்டவணையிலேயே முற்படக் குறித்தல் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதிச் சொந்த ஆட்டத்தைப் புனேயில் ஆடிக் கொல்கத்தா அணியை 3-0 என வென்றது. அவ்வாண்டின் கோப்பையும் அதற்கே கிடைத்தது.