பார்படோஸில் ஒற்றை ஆளாக ஒரு வாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கரீபியன் தீவு என்றதும் பயண விளம்பரங்களில் வருவது ஒரே படம்தான்: வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, கைகோத்து நடக்கும் ஜோடி. இந்தப் படத்தை நம்பித் திட்டம் போடுகிறவர் தனியாகப் போகவே தயங்குவார். துணிந்து போனாலும் ரிசார்ட் மதிலுக்குள்ளேயே ஏழு நாளைக் கழித்துவிட்டு, பில்லைப் பார்த்துத் தலையில் கைவைப்பார்.

பார்படோஸை எடுத்துக்கொள்வோம். 34 கிலோமீட்டர் நீளம், 23 கிலோமீட்டர் அகலம், மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். சோபர்ஸும் மால்கம் மார்ஷலும் பிறந்த மண் என்பதால் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பெயர் பழக்கம். காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்களும், சாயங்காலம் சீருடையோடு பஸ்ஸை நிரப்புகிற பள்ளிப் பிள்ளைகளுமாக அது ஒரு சாதாரண நாடு. தனி ஆளுக்கு இந்தத் தீவு ஒத்துவருவதற்கு முதல் காரணம் கடற்கரை அல்ல, அந்த பஸ்தான். அதற்கு வருமுன் கழித்துக்கட்ட வேண்டிய நம்பிக்கைகள் சில இருக்கின்றன.

"ஒரு வாரம் இருக்கே, நாலு தீவைப் பார்த்துடலாம்!"

முடியாது. பார்படோஸுக்கும் ஜமைக்காவுக்கும் இடையே சுமார் 1,900 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கிற தூரத்தைவிட அதிகம். பக்கத்து வீடுகள் எனச் சொல்லத்தக்க செயின்ட் லூசியாவும் செயின்ட் வின்சென்டும்கூட 150 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கின்றன. பார்படோஸ் அவை நிற்கும் தீவு வரிசையில் சேராமல் கிழக்கே அட்லாண்டிக்கில் ஒதுங்கி நிற்கிறது. அங்கிருந்து அண்டைத் தீவுகளுக்கு அன்றாடப் பயணிகள் கப்பல் கிடையாது, விமானம்தான். தூரம் குறைவு என்பதால் கட்டணமும் குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்; டிக்கெட்டோடு சேரும் வரிகளே மலைக்க வைக்கும்.

கப்பலேறித் தீவு தாண்டியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு குவாதலூப், டொமினிக்கா, மார்த்தினிக், செயின்ட் லூசியா என்ற வரிசை இருக்கிறது. அவற்றில் குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரெஞ்சு மண், ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே. பாரிஸ் பார்க்க வாங்கிய விசாவைக் காட்டி அங்கே இறங்க முடியாது. அந்தப் பகுதிகளுக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசா தேவை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அந்தத் தீவுகளில் வாழ்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர் அதற்கென்றே இன்னொரு விடுமுறை எடுப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து கிளம்புகிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. லண்டன் வரை பத்து மணி நேரம், அங்கிருந்து பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்கு ஒன்பது மணி நேரத்தை ஒட்டி, நடுவில் காத்திருப்பு, போதாததற்கு ஒன்பதரை மணி நேரக் கடிகார வித்தியாசம். தீவில் ஏழு பகல் வேண்டுமென்றால் அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு சொல்ல வேண்டும். லண்டனிலோ டொரான்டோவிலோ இருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நேரடி விமானம் இருக்கிறது.

"விசாவே வேண்டாமாம், அப்புறம் என்ன கவலை?"

பாதி உண்மை. இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவுக்கு வருகிறவர் 90 நாள் வரை விசா இல்லாமல் பார்படோஸில் இருக்கலாம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் கையில் இருக்க வேண்டும். சிக்கல் வழியில்தான். மயாமி அல்லது நியூயார்க் மாறிப் போகிற டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா கேட்பார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்று சொல்லிப் பயனில்லை. லண்டனில் மாறினாலும் இந்தியருக்கு டிரான்சிட் விசா தேவை. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் நடப்பு விசா வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி காட்விக் விமான நிலையத்தில் ஏறுவதுபோல் டிக்கெட் அமைந்துவிட்டால் கதை வேறு. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வந்துபோக வேண்டும், அதற்கு விசா வகையே மாறும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் வழியைப் பார்ப்பது, விலையைப் பார்ப்பதைவிட முக்கியம்.

டிரினிடாட் வழியாகத் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றையும் பையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தியாவில் இறங்கும்போது தனிமைப்படுத்தி வைக்க விதி இடம்கொடுக்கிறது.

"புயல் காலத்தில் போவது பைத்தியக்காரத்தனம்" என்றும், "பார்படோஸைப் புயல் தொடாது" என்றும்

இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கரீபியனின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உக்கிரம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. பார்படோஸ் கிழக்கே ஒதுங்கி இருப்பதால் பல புயல்கள் அதைத் தாண்டிய பிறகோ வடக்கே விலகியோ வலுக்கின்றன. 1955இல் ஜேனட் அடித்த பிறகு அடுத்த ஹரிகேன் தீவைத் தாக்கியது 2021 ஜூலை 2 அன்றுதான். அதன் பெயர் எல்சா. நடுவில் 66 ஆண்டுகள். "புயல் வராத தீவு" என்ற பேர் கிடைத்தது இப்படித்தான்.

அந்தப் பேரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கிரிக்கெட் அணியே சாட்சி. 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவலில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வீழ்த்தி டி20 உலகக் கோப்பையை வென்றார்கள். வென்றவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை. பெரில் புயல் வந்தது, விமான நிலையத்தை மூடினார்கள், ரோகித்தும் கோலியும் ஹோட்டலுக்குள் அடைபட்டார்கள். தனி விமானம் ஏறி டெல்லி வந்து சேர்ந்தது ஜூலை 4 காலையில். அந்தப் புயலின் கண் பார்படோஸைத் தொடவே இல்லை, தெற்கே கடந்துபோய் கிரெனடாவின் கரியகூ தீவைச் சிதைத்தது. அப்படியிருந்தும் கடல் பொங்கி, பிரிட்ஜ்டவுன் மீன்பிடித் துறையில் கட்டியிருந்த ஏராளமான படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன.

உங்களுக்குத் தனி விமானம் வராது. அதனால் ஜூன் முதல் நவம்பர் வரை போகிறவர்களுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம். அதை டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது. இந்த முன்னேற்பாட்டோடு ஜூனில் போவதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை. மழைக்காலம் என்றாலும் நாள் முழுக்க ஊற்றுவது அபூர்வம். ஒரு பாட்டம் பெய்து வெயிலடிக்கும். டிசம்பர் நடு முதல் ஏப்ரல் நடு வரையிலான உச்ச சீசனோடு ஒப்பிட்டால் அறை வாடகை நன்றாகவே இறங்கியிருக்கும்.

"தனி ஆள் என்றால் செலவு இரட்டிப்பு"

ரிசார்ட்டில் ஆம். அவர்களின் விலைப்பட்டியலே "இருவர் தங்கினால் தலைக்கு இவ்வளவு" என்ற அடிப்படையில் போட்டது. ஒற்றை ஆள் இன்னொருவர் பங்கில் பெரும்பகுதியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்த ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஹோல்டவுனைச் சுற்றிய மேற்குக் கரையில் இருக்கின்றன. தெற்குக் கரைக்கு வாருங்கள். ஹேஸ்டிங்ஸ், வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப் என்று கடலை ஒட்டி ஒரே சாலை. அதன் இருபுறமும் சின்ன சமையலறையோடு கூடிய அறைகள், விருந்தினர் இல்லங்கள், சூப்பர் மார்க்கெட். தனியாகப் போகிறவர் இந்தச் சாலையிலிருந்து ஐந்து நிமிட நடையில் அறை எடுத்தால் கார் தேவையில்லை என்பது என் துணிபு.

ஏனென்றால் பஸ் வந்துகொண்டே இருக்கும். மூன்று வகை: நீலத்தில் மஞ்சள் பட்டை போட்டது அரசு பஸ், மஞ்சளில் நீலப் பட்டை போட்டது தனியார் மினிபஸ், வெள்ளையில் அரக்குப் பட்டை போட்டது 'இசட்ஆர்' என்று நம்பர் பிளேட்டின் பெயராலேயே அழைக்கப்படும் வேன். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். 2019இல் அதை 3.50 பார்படோஸ் டாலராக உயர்த்தினார்கள். அரசு பஸ்ஸில் சில்லறையைச் சரியாக வைத்திருக்க வேண்டும். நிறுத்தங்களின் வட்டப் பலகையில் ஊர்ப் பெயர் இருக்காது. 'டு சிட்டி', 'அவுட் ஆஃப் சிட்டி' இரண்டில் ஒன்று எழுதியிருக்கும். தலைநகரை நோக்கியா, எதிர்ப்புறமா என்பதுதான் கேள்வி. 11ஆம் எண் இசட்ஆர் தெற்குக் கரை நெடுகப் போகிறது. பாட்டு காதைக் கிழிக்கும், நடத்துநர் கதவோரம் தொங்கியபடி ஆள் கூப்பிடுவார், இடம் நிரம்பியது என்று நாம் நினைத்த பிறகும் மூன்று பேர் ஏறுவார்கள். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவில் போய்ப் பழகியவருக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

பண விஷயத்தில் ஒரு பொறி. பார்படோஸ் டாலர் 1975 முதல் இரண்டுக்கு ஓர் அமெரிக்க டாலர் என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு டாலரையும் கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள். மெனு கார்டில் வெறும் '40' என்று இருந்தால் எந்த நாற்பது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்த விலையா என்றும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

"கடற்கரைக்கு ரிசார்ட்காரர்கள் விடமாட்டார்கள்"

பார்படோஸின் எல்லாக் கடற்கரையும் பொதுமக்களுக்கு உரியது. கோடீஸ்வரர்கள் தங்கும் சாண்டி லேன் ஹோட்டலின் முன்னாலும் துண்டை விரித்துப் படுக்கலாம். சாய்வு நாற்காலிக்குத்தான் காசு.

"தனியாகப் போனால் ஆபத்து"

ஆபத்து என்று சொல்கிறவர்கள் பயப்படுவது மனிதர்களை. நான் முதலில் பயப்படச் சொல்வது கடலை. மேற்கே கரீபியன் கடல் குளம்போல் கிடக்கும். கிழக்கே பத்ஷீபாவில் அட்லாண்டிக் நேராக வந்து பாறையில் மோதும். அங்கே 'சூப் பவுல்' என்ற இடத்து அலை சர்ஃபிங்காரர்களுக்குச் சொர்க்கம், நீச்சல்காரருக்கு எமன். இழுப்பு நீரோட்டம் பலமானது. பிரிட்ஜ்டவுனிலிருந்து தீவைக் குறுக்கே கடந்துபோகும் பஸ்ஸில் ஏறி பத்ஷீபாவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் பாறைகளுக்கு நடுவே தேங்கும் குட்டைகளில் உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அலை அலையாக வந்து ஒதுங்குவதும் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில்தான்.

நீந்துவதற்கு கார்லைல் விரிகுடா. விடிகாலையில் அங்கே உள்ளூர்ப் பெரியவர்கள் கழுத்தளவு நீரில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். அதே விரிகுடாவின் பெபிள்ஸ் கரைக்குக் காரிசன் பந்தய மைதானத்துக் குதிரைகளைக் கூட்டிவந்து கடலில் இறக்குவார்கள். பிடரி நனைய, மூக்கை மட்டும் உயர்த்திக்கொண்டு நீந்தும் குதிரையைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது, சூரியன் உதிக்குமுன் எழுந்தால் போதும். தனியாக நீந்துகிறவருக்கு இந்தக் கூட்டமே பாதுகாப்பு.

கரையோரத்தில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தைக் கண்டால் விலகுங்கள். அது மான்சினீல். பழம் சிறு ஆப்பிள்போல இருக்கும், விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டுத் தோல் கொப்பளித்துவிடும்.

மனிதர்களைப் பொறுத்தவரை, பெரிய ஊரில் எடுக்கிற எச்சரிக்கை போதும்: இருட்டிய பிறகு ஆளில்லாத கரையில் நடக்காதீர்கள், பர்ஸை மணலில் விட்டுவிட்டு நீந்தப் போகாதீர்கள். தனியாக நடக்கும் பெண்களைப் பார்த்து ஆண்கள் குரல் கொடுப்பது அங்கே உண்டு. 'குட் ஈவ்னிங்' என்று சொல்லிவிட்டு நடையைத் தளர்த்தாமல் போவதுதான் உள்ளூர்ப் பெண்கள் செய்வது. பஸ்ஸில் ஏறும்போதோ கடைக்குள் நுழையும்போதோ பொதுவாக ஒரு 'குட் மார்னிங்' சொல்வது அங்கே மரியாதை. சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் சுருங்கும். இன்னொன்று, ராணுவ உடைபோன்ற பச்சைத் திட்டுத் துணி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். சாதாரணக் குடிமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம். தொப்பிக்கும் பைக்கும் குழந்தைச் சட்டைக்கும்கூட விலக்கில்லை.

வெள்ளிக்கிழமை இரவு அறைக்குள் இருக்காதீர்கள். ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தையில் வரிசையாக அடுப்புகள் எரியும். சுட்ட சூரையோ மார்லினோ ஒரு டப்பாவில், கூடவே மக்ரோனி பை. நீள பெஞ்சில் யார் பக்கத்தில் இடமிருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். ஒற்றை ஆளுக்கு மேசை தேடி அலைகிற சங்கடம் இல்லாத இரவுச் சாப்பாடு அது.

"சைவக்காரர் பட்டினிதான்"

இல்லை. பட்டாணிப் பருப்பை உள்ளே வைத்துச் சுடும் ரொட்டி டிரினிடாட்டிலிருந்து வந்து நிலைத்துவிட்டது. ராஸ்தஃபாரி சமயத்தவரின் 'ஐட்டல்' உணவுக் கடைகளில் முட்டை, பால்கூடச் சேராது. சுட்ட சீமைப்பலா பல இடங்களில் கிடைக்கும். நாட்டின் தேசிய உணவில் பாதி, மக்காச்சோள மாவையும் வெண்டைக்காயையும் சேர்த்துக் கிளறிய களி, 'கு-கு' என்பார்கள். மீதிப் பாதி பறக்கும் மீன் குழம்பு. ஆர்டர் கொடுக்கும்போதே குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தட்டு வந்த பிறகு சொல்லிப் புண்ணியமில்லை.