செடியில் ஒட்டும் சென்சர்: எத்தாளைத் தோட்டங்களுக்குச் சில உண்மைகள்

கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளைப் பக்கம் மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். நுனியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார்கள். கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார், ஒரு போத்தலை எடுத்துக் கொடுப்பார். அது கேட்காவிட்டால் அடுத்த வாரம் வேறொரு போத்தல். காய் சந்தைக்குப் போகுமுன்னே கடன் கொப்பி நிறைந்துவிடும்.

இப்படி அல்லாடும் விவசாயியின் காதில், செடியிலேயே ஒட்டிவைக்கும் சென்சர் நோயை முன்கூட்டியே சொல்லிவிடுமாம் என்ற பேச்சும் விழத் தொடங்கியிருக்கிறது. அதை அப்படியே நம்புபவர்களும் உண்டு, ஏமாற்று வேலை என்று தள்ளுபவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் சொல்லவேண்டியவை இருக்கின்றன.

நம்பிக்கை: கண்ணுக்கே தெரியாத நோயைக் கருவி கண்டுபிடிக்கும் என்பது வெறும் விளம்பரம்.

நோய் தொற்றும் நாள் வேறு, நோய் வெளியே தெரியும் நாள் வேறு. கிருமி இலைக்குள் புகுந்த பின் புள்ளியோ வாடலோ தோன்றப் பல நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் செடி சும்மா இருப்பதில்லை. அது வெளிவிடும் ஆவிச் சேர்மங்கள் மாறுகின்றன. இலையிலிருந்து வெளியேறும் ஈரத்தின் அளவும் இலையின் வெப்பநிலையும் மாறுகின்றன. சென்சர் அளப்பது இவற்றைத்தான்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 மில்லிமீற்றர் நீளமான மெல்லிய பட்டை ஒன்றைச் செய்து, தக்காளி இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். இலைத்துளைகள் அங்கேதான் அதிகம். தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ் தொற்றிய செடிகளை, அறிகுறி கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முந்தியே அந்தப் பட்டை காட்டிக்கொடுத்தது. 2023இல் வெளியான முடிவு இது. அந்த வைரஸைப் பரப்புவது பனிப்பூச்சி. எத்தாளை மிளகாய்த் தோட்டக்காரருக்கு அந்தப் பூச்சியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

எண்ணம் புதியதும் அல்ல. செடியின் உடலில் நடப்பதை மின் கருவியால் அறியலாம் என்று வங்காளத்து விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1901ஆம் ஆண்டிலேயே லண்டனில் செய்து காட்டினார். கருவி இலையில் ஒட்டுமளவுக்குச் சிறுத்திருப்பதுதான் புதிது.

நம்பிக்கை: அனுபவமுள்ள கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இதற்குக் கற்பிட்டிக் குடாநாடே பதில் வைத்திருக்கிறது. தென்னையைத் தாக்கும் சிற்றுண்ணி இலங்கையில் முதன்முதலாகப் பதிவானது 1997இன் இறுதியில், இதே குடாநாட்டில். அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குதான். குரும்பையின் காம்புப் பக்கத்தைத் தொப்பிபோல் மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில் ஒளிந்திருந்து சாற்றை உறிஞ்சும். இதழின் விளிம்பைத் தாண்டி வெளிறிய முக்கோணத் திட்டு ஒன்று எட்டிப்பார்க்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். பிறகு அந்தத் திட்டு பழுப்பாகி வெடிக்கும், தேங்காய் சிறுத்துப்போகும். திட்டைக் கண்டவரின் கண்ணில் குறையில்லை. அவர் காணுமுன்பே உண்ணி உள்ளே பெருகிவிட்டது, அவ்வளவுதான்.

இலையில் ஒட்டும் பட்டையை வைத்தும் குரும்பையின் தொப்பிக்குள் நடப்பதை அறியமுடியாது. எந்த எதிரி எங்கே ஒளிகிறதோ அங்கே பொருத்துவதற்கென்று செய்த கருவிதான் பயன்படும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு சிவப்புக் கூன்வண்டு. இளந்தென்னையில் வெட்டோ காயமோ பட்ட இடத்தில் தாய்வண்டு முட்டையிடும். புழுக்கள் தண்டைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். வெளியே மரம் பச்சையாகவே நிற்கும். குருத்து சாயும் கட்டத்தில் மரத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முடியாத காரியம். ஆனால் மரத்தில் காதை வைத்தால் புழு நாரைக் கடிக்கும் ஓசை கேட்கும். தென்னையோடு வாழ்ந்த பெரியவர்கள் இதை அறிவார்கள்.

அந்த ஓசையைப் பிடிக்கும் கையடக்கக் கருவி ஒன்று நமது புத்தளம் மாவட்டத்து ஆய்வோடு சேர்ந்தது. 1929இல் தொடங்கிய லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் பொறியியலாளர்களோடு இணைந்து, மரத்தின் உள்ளே எழும் ஒலியைப் பெருக்கி, வண்டு தாக்கிய மரத்தை அடையாளம் காணும் கருவியை உருவாக்கினார்கள். சிரிவர்தன முதலானோரின் அந்த ஆய்வு 2010இல் பயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. செடியில் பொருத்தும் சென்சர் என்றதும் தூரத்து நாடுகளையே நினைக்கிறோம். நம் மாவட்டத்துக்குள்ளேயே நடந்த இந்த வேலையை நம் தென்னைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

நம்பிக்கை: நோயின் பெயரைச் சென்சர் சொல்லிவிடும்.

பெரும்பாலான சென்சர்கள் சொல்வது "இந்தச் செடியில் ஏதோ மாறியிருக்கிறது" என்பதை மட்டுமே. பெயர் வைப்பது, அதற்குப் பின்னால் இருக்கும் கணினிக் கணிப்பு. அந்தக் கணிப்பு எந்தப் பயிரில், எந்த நோயில், எந்தச் சூழலில் பழக்கப்பட்டதோ அதற்குத்தான் நம்பகமானது. வட கரோலினாப் பட்டை பசுமைக்கூடத்துத் தக்காளியில் சோதிக்கப்பட்டது. எத்தாளை மிளகாய் வளர்வதோ கடல்காற்று வீசும் திறந்த மணலில். கிணற்று நீரில் உப்பு ஏறினாலும் செடி தவிக்கும், பட்டையின் அளவீடுகளும் மாறும். அந்த மாற்றத்தை நோய் என்று கருவி எடுத்துக்கொள்ளாது என்பதற்கு இந்த மண்ணில் சோதித்த பிறகுதான் உத்தரவாதம் தரலாம்.

மிளகாயின் இலைச்சுருளலையே எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் அதை ஒரே நோயாகப் பேசுகிறார்கள். இலையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கி வளைந்து இலை ஒடுங்கினால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, மஞ்சளித்து, செடியே குறுகிப்போனால் வெண் ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். மூன்றும் ஒரே செடியில் கூடி வருவதும் உண்டு. பூச்சிக்கு அடிக்கும் மருந்து பல உண்ணிக்குக் கேட்காது. உண்ணியைத் தின்னும் நல்ல உயிர்களை அது கொன்று, உண்ணி பெருக வழிசெய்வதும் உண்டு. வைரஸுக்கோ மருந்தே கிடையாது. ஆகவே சென்சர் எச்சரித்த செடியின் இலையைத் திருப்பி, கைவில்லை ஒன்றால் அடிப்பக்கத்தைப் பார்ப்பது கட்டாயம். அந்த வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்துவிடாது.

வெங்காயத்தின் கதை வேறு. இலையைத் திருகச்செய்யும் நோய், ஊதாப்புள்ளி நோய் போன்றவை பங்கசுகளால் வருபவை. பங்கசின் வித்து முளைக்க இலையில் ஈரம் நிற்கவேண்டும். எத்தனை மணி நேரம் நின்றது என்பதை இலை ஈரச் சென்சர் கணக்கிடும். இது நோயைக் காட்டும் கருவி அல்ல, நோய் வரக்கூடிய வேளையைக் காட்டும் கருவி. பழைய முறையும்கூட. அப்பிளின் பொருக்கு நோய்க்கு வெப்பத்தையும் ஈர நேரத்தையும் வைத்து மில்ஸ் என்பவர் அட்டவணை போட்டது 1940களில். என் கணிப்பில் எத்தாளைக்கு முதலில் பயன்படக்கூடியது இந்த எளிய வகைதான். அந்தியில் ஸ்பிறிங்ளர் போட்டு இரவு முழுக்க இலையை நனைய விடும் வழக்கம் என்ன செய்கிறது என்பதை அதன் கணக்கு எண்ணாகக் காட்டிவிடும். தண்ணீரைக் காலையில் விடுவதற்கோ சென்சர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

நம்பிக்கை: எச்சரிக்கை வந்தால் உடனே மருந்தடிக்கலாம், அதுதான் பயன்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். நமது மண் மணல். மேலே இடுவது தண்ணீரோடு கீழே இறங்கும், கீழே ஆழமில்லாத இடத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. பாய்ச்சுவதும் குடிப்பதும் அந்த நீரைத்தான். தீவிரமாகப் பயிர்செய்யும் கற்பிட்டித் தோட்டங்களின் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. அது பசளையால் வந்தது. தேவைக்கு மேல் அடிக்கும் கிருமிநாசினியும் விழுவது இதே மணலில்தான்.

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு போத்தல் என்று தொடங்கினால், சென்சர் வந்ததால் மருந்து கூடியது என்றுதான் முடியும். முன்கூட்டித் தெரிவதன் பலன் வேறு. வைரஸ் பிடித்த செடி ஒன்றோ இரண்டோ இருக்கும்போதே பிடுங்கிப் புதைத்துவிடலாம். தோட்டம் முழுவதற்கும் அடிப்பதற்குப் பதில் ஒரு மூலைக்கு மட்டும் அடிக்கலாம். "இந்த வாரம் தேவையில்லை" என்று பம்பைக் கீழே வைக்கலாம். இந்த மூன்றாவது பலனைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம்பிக்கை: செடிக்கு ஒன்று வேண்டும், நமக்குக் கட்டுபடியாகாது.

செடிக்கு ஒன்று தேவையில்லை. காற்று முதலில் வந்து மோதும் ஓரம், ஈரம் தங்கும் பள்ளம், பழைய தோட்டத்தை ஒட்டிய வரிசை என்று நோய் வழக்கமாகத் தலைகாட்டும் சில இடங்களில் வைத்தால் போதும். அந்த இடங்கள் எவை என்பது தோட்டக்காரருக்குத்தான் தெரியும். அயல் தோட்டங்கள் சில சேர்ந்து வைத்தால் செலவும் பங்காகும், எச்சரிக்கையும் எல்லோருக்கும் சேரும். வெண் ஈ வேலி பார்த்துப் பறப்பதில்லை.

யாராவது சென்சர் விற்க வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பயிரில் சோதித்தீர்கள்? எந்த நோய்க்கு? இந்த மணலிலும் உப்புக்காற்றிலும் ஒரு போகமாவது ஓட்டிப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் காசைக் கையில் வைத்திருங்கள். விவசாயத் திணைக்களத்திடம் நாம் கேட்கவேண்டியதும் இருக்கிறது: இந்தக் கருவிகள் கடைக்கு வருமுன் கற்பிட்டித் தோட்டங்களில் மிளகாயிலும் வெங்காயத்திலும் சோதித்து, முடிவைத் தமிழில் எங்களுக்குத் தாருங்கள். அதுவரை, இலை சுருண்டால் போத்தல் வாங்குமுன் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே திணைக்களம் நடத்தும் தொலைபேசிச் சேவை அது.