வேன்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நேற்றிரவு நீ போனில் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டக் கம்பனிக்கு இரண்டு நாள் படம் எடுத்துக் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் "போக்குவரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் சேர்" என்றும் சொல்லிவிட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

காவத்தையில் பஸ் ஏறினால் பெல்மதுளை, இரத்தினபுரி, எஹலியகொடை, அவிசாவளை, கரவனெல்ல என்று எத்தனை ஊர் தாண்டவேண்டும்? தார் ரோட்டை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போவது தனி. பால் வெட்டு விடிகாலை வேலை என்பது உனக்குத் தெரியாததல்ல. கத்தி பட்டையில் இறங்கியதும் வெள்ளைக்கோடு சரிந்து வந்து சிரட்டையில் முதல் சொட்டு விழும். கம்பனிக்காரர் கேட்கிற படம் அதுதான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அந்த வெளிச்சமும் போய்விடும். ஆறு மணிக்கு நீ மரத்தடியில் நிற்கவேண்டுமென்றால் முதல் நாளே போய் அங்கே படுக்கவேண்டும். அவர்கள் இரண்டு நாள் என்று சொன்னதில் உனக்கு மூன்று நாள் போகிறது. அந்த மூன்றாவது நாளில் இங்கே ஒரு சடங்கு வீடு வந்தால் அதையும் விட்டுவிட்டுத்தான் போகிறாய்.

நம்முடைய டவுனில் வேன் ஓட்டுகிறவரிடம் ஒரு ஹயர் கேட்டுப் பார். கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருந்தால் இவ்வளவு, இரவு தங்கினால் பட்டா இவ்வளவு என்று மூச்சுவிடாமல் சொல்வார். யாரும் கோபிப்பதில்லை. வண்டி சும்மா நிற்கிற நேரமும் அவருடைய நேரம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். படம் பிடிக்கிற நமக்கு மட்டும் அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறோம் என்று மற்றவர்கள் நினைப்பதை நாமும் பாதி நம்பிவிட்டோம்.

ஆகவே இரண்டு கணக்காக எழுது. ஒன்று வழிச்செலவு: வாகனம், தங்குமிடம், சாப்பாடு, கூட வருகிற பையனின் செலவு. இதில் இலாபம் வைக்காதே, ஆன செலவை அப்படியே வாங்கு. சொந்த மோட்டார் சைக்கிளில் போனாலும் பெற்றோலை மட்டும் போடாதே, டயரும் தேய்கிறது. மற்றது வழிநாள். உன் நாள் கூலி முப்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால், போகிற நாளுக்குப் பதினையாயிரம். நான் பாதிதான் கேட்பேன், முழுதாகக் கேட்கிறவர்களும் உண்டு. அந்த வரி பில்லில் இல்லாமல் மட்டும் இருக்கக்கூடாது.

இன்னொன்று, விலை சொல்லும்போது தேதியையும் அன்றைய பெற்றோல் விலையையும் சேர்த்து எழுது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2022 ஜனவரியில் இறக்குவானைக்கு மேலே ஒரு விடுதிக்கு, மூன்று தடவை வந்து படம் எடுத்துத் தருவதாக மொத்தமாக ஒரு தொகை பேசினேன். அப்போது லீட்டர் 177 ரூபாய். மூன்றாவது தடவைக்கு ஜூலை வந்துவிட்டது, விலை 470. அதுவும் இரண்டு நாள் வரிசையில் கிடந்து வாங்கியது. பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீட்டர்தான். பேசிய வாக்கு என்று போய்வந்தேன். விடுதிக்காரர் ஒரு ரூபாய் கூட்டித் தரவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, கடதாசியில் எழுதாதது நான்தானே. அந்த மாதம் உன் அத்தை காதுத்தோட்டை அடகு வைத்தாள்.

மழையையும் எழுதாமல் விடாதே. வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற இரத்தினபுரியில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று பால் வெட்டில்லை, உனக்குப் படமில்லை. ஆனால் அறை வாடகை ஓடும், நாளும் ஓடும். மழையால் நின்ற நாளுக்குப் பாதிக் கூலி, மறுபடி வருவதென்றால் வழிச்செலவு புதிதாக என்று முன்பே பேசு. மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டால் எந்தக் கம்பனி கூப்பிட்டாலும் போகாதே. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கியதும் எட்டியாந்தோட்டை இருக்கிற அதே கேகாலை மாவட்டத்தில்தான். அப்படி ஒத்திப்போட்டால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மிக முக்கியம். மரத்தடியில் நீ நிறுத்திப் படமெடுக்கப் போகிற, பால் வெட்டுகிற அக்காவை, "இன்னொரு தடவை வெட்டுங்க, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அரை நாள் நிறுத்தினால் அவருடைய பால் நிறை குறையும். என் அம்மா கொழுந்து எடுத்தவர். ஒரு வெள்ளைக்காரர் படம் பிடித்த அன்று நிறை குறைந்து, கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று அம்மா சாப்பிடவில்லை. ஆகையால் உன் பில்லில் அந்த அக்காவுக்கும் ஒரு வரி போடு. 2024 செப்டெம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. இப்போது என்ன நடப்போ அதற்குக் குறையாமல் எழுது, பணத்தை அவர் கையிலேயே கொடு. படம் பெட்டியிலும் விளம்பரத்திலும் போவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும். அதற்கான கூலியையும் கம்பனியிடம் தனியாகப் பேசு, ஒபிசுச் சுவரில் மாட்டுகிற படமும் ஏற்றுமதிப் பெட்டியில் அச்சடிக்கிற படமும் ஒரே விலையல்ல.

லயத்துச் சனத்தின் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் இந்தக் கணக்கை அப்படியே நீட்டாதே. ஒரே பக்கத்தில் இரண்டு வேலை வருகிற ஞாயிறாகப் பார்த்து வழிச்செலவைப் பங்கு போடு, பஸ்ஸில் போ. வழிநாளை விட்டுக்கொடுப்பதென்றால் பில்லில் எழுதிக் கழித்துக் காட்டு. என்ன விட்டுக்கொடுத்தாய் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவேண்டும்.

எட்டியாந்தோட்டைக்காரரிடம் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது என்று கேட்பாய். நாளைக் காலையிலேயே பேசு. "அன்று அவசரத்தில் சொல்லிவிட்டேன் சேர், கணக்குப் பார்த்து எழுத்தில் அனுப்புகிறேன்" என்றால் போதும். முற்பணம் இன்னும் வாங்கவில்லைதானே? அனுப்புமுன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் எடுத்துப் போடு. அந்த அக்காவின் வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அத்தை உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமா
இரத்தினபுரி