காட்டுத்தீக்குப் போகும் பிள்ளைகளுக்கு

புதிதாகச் சேர்ந்திருக்கும் வனக்காப்பாளர்களுக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், தீக்காலத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர்களுக்கும் ஓய்வுபெற்ற வனச்சரகன் நான் சொல்ல விரும்புவது இது. தீயை அணைக்கப் பயிற்சியில் கற்றுக்கொள்வீர்கள். உடன் வந்தவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது, அதற்குப் பின் வரும் இரவுகளை எப்படிக் கடப்பது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதற்கும் முன்பே தயாராக வேண்டும்.

1. தீயை அடிக்கப் பச்சைக் கிளையை ஒடிக்கும் முன் தப்பும் வழியைப் பாருங்கள். எரிந்து முடிந்த கரும்பரப்போ அகன்ற பாறையோ எங்கே இருக்கிறது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று நடந்தே பாருங்கள். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். அதனால் எரியும் சரிவுக்கு மேலே நிற்கக் கூடாது. ஒடுங்கிய மலைப்பள்ளத்தில் இறங்கவும் கூடாது. அது புகைபோக்கி போலத் தீயை மேலே இழுக்கும். காவலுக்கு ஓர் ஆள், பேச வயர்லெஸ், தப்பும் வழி, ஒதுங்கும் இடம் என்ற நான்கையும் அமெரிக்கத் தீயணைப்பாளர் பால் கிளீசன் 1991இல் வகுத்தார். எந்த மலைக்கும் இவை பொருந்தும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் தீக்கு அருகே போகாதீர்கள்.

2. எதையும் முன்பே பழகி வையுங்கள். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் புல்தீ ஒன்று கீழிருந்து ஒரு தீயணைப்புக் குழுவைத் துரத்தியது. ஓடி ஜெயிக்க முடியாது என்று கண்ட தலைவர் வாக்னர் டாட்ஜ், தமக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்த சாம்பலில் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் அழைத்தார். ஒருவரும் வரவில்லை. அப்படி ஓர் உபாயத்தை அவர்கள் முன்பு கண்டதில்லை, கேட்டதும் இல்லை. டாட்ஜ் பிழைத்தார். மேட்டை எட்டிய இருவர் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அந்த இளைஞர்கள் கீழ்ப்படியாதவர்கள் அல்லர். உயிர்பயத்தில் ஓடுகிறவன் காதில் புதுச்சொல் ஏறாது. பின்வாங்கும் கட்டளையை ஜனவரியிலேயே, குளிர்ந்த காட்டில், கால்கள் தாமாகத் திரும்பும்வரை பழகுங்கள்.

3. இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், வாரிசுப் பெயர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஏதாவது நடந்தால் வீட்டுக்கு யார் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் நீங்களே எழுதுங்கள். இதை அபசகுனம் என்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

4. விபத்து நடந்தால் முதலில் தலைகளை எண்ணுங்கள். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டும் வரட்டும். தீப்புண்ணில் சுத்தமான நீரை நிதானமாக ஊற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மையோ பற்பசையோ பூசாதீர்கள். படம் எடுக்காதீர்கள். ஒரு தாய் தன் மகனின் சாவை வாட்ஸ்அப்பில் பார்க்கக் கூடாது.

5. தீ அணைந்தாலும் சம்பவம் முடிவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். அங்கேயே இறந்தவர்கள் 9 பேர். பிறகு மருத்துவமனைகளில் ஒருவர் பின் ஒருவராக இறந்து, எண்ணிக்கை 23 ஆனது. மீட்கப் போனவர்களுக்கு ஒவ்வொரு செய்தியும் அந்தச் சரிவை மறுபடி ஏறுவதுதான். தூக்கம் வராது. கருகிய வாடை மூக்கை விடாது. பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவீர்கள். இது கோழைத்தனம் அல்ல. பலருக்குச் சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் கடந்தும் தணியவில்லை என்றாலோ, குடி கூடினாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ மனநல மருத்துவரிடம் போங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

6. திரும்பி வந்தவரை அன்றிரவே வட்டமாக உட்காரவைத்து "என்ன பார்த்தாய், சொல்" என்று கேட்காதீர்கள். ஒருகாலத்தில் இதுவே நல்ல முறை என்று நம்பினார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்பதில்லை. சுடுசோறு கொடுங்கள், குளிக்க வெந்நீர் கொடுங்கள், வீட்டுவரை கூடப் போங்கள். தானாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். என்ன நடந்தது என்று ஆராயும் கூட்டம் வேறொரு நாளில், தனியாக நடக்கட்டும்.

7. பிழைத்தவரைத் தனியே விடாதீர்கள். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில் 20 பேர் கொண்ட தீயணைப்புக் குழுவில் 19 பேர் இறந்தார்கள். வேறிடத்தில் காவலுக்கு நின்ற ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவர் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனாலும் "நான் மட்டும் ஏன்" என்ற கேள்வி அப்படிப்பட்டவரை விடாது. "உனக்கு ஆயுசு கெட்டி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஆறுதல் அல்ல, அடி.

8. மேலே சொன்னதெல்லாம் தினக்கூலிக்கு வரும் பழங்குடிக் காவலருக்கும் சேர்த்துத்தான். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் தீயை அணைக்கப் போய் இறந்த மூவரும் காவலர்களே. முன்வரிசையில் நிற்பவர்கள் அவர்கள். பட்டியல் எழுதும்போது விடுபடுபவர்களும் அவர்களே. அவர்கள் குடியிருப்புக்கும் போய் உட்காருங்கள், அவர்கள் பெயரையும் சிகிச்சைப் பட்டியலில் எழுதுங்கள். அடுத்த தீக்காலத்தில் ஒருவர் "அந்தச் சரிவுக்கு வரமாட்டேன்" என்றால் வற்புறுத்தாதீர்கள். கண்காணிப்புக் கோபுரத்திலோ வயர்லெஸ் அருகிலோ வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.