தொடர்பியல் கல்வியும் சமுதாயக் கொடையும்

கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரைக் கூறாமல் உமறுப் புலவரைப் பற்றி எவரும் பேசத் தொடங்குவதில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தப் பாக்களால் இயன்ற சீறாப்புராணம் ஒரு புலவரின் கல்வியாலும் கற்பனையாலும் மட்டும் உருவானதன்று. உலைக்கு அரிசி உண்டா என்னும் கவலையின்றி அப்புலவர் எழுதுவதற்கு ஒருவர் பொருள் கொடுத்தார். அவர் மறைந்தபின் பணி இடையில் நின்றுவிடாதபடி பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அதனை ஏற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. பாடத்திட்டத்தில் இக்கொடைக்கு இரண்டு வரிகளே கிடைக்கின்றன. அதன்பின் அணிநயத்துக்கு இடம் போய்விடுகிறது. இக்கட்டுரையில் அவ்விரண்டு வரிகளிலேயே சற்றுத் தங்கி, எழுத்தையும் பேச்சையும் படத்தையும் தொழிலாகக் கொள்ள விரும்பும் நம் மாணாக்கர்க்கு இன்று யார் பொருள் கொடுக்கின்றனர் என்பதைக் காண முற்படுவோம்.

தொடர்பியல் என்று நாம் ஈண்டுக் குறிப்பது இதழியல், வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், திரைப்படம், மொழிபெயர்ப்பு, இணையவழி ஊடகம் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய கல்வியாகும்.

முன்னோர் நடந்த வழி

இத்துறை நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த அசன்பே சரித்திரத்தின் ஆசிரியரும் அவரே. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887 முதல் 'சிங்கை நேசன்' நடத்தினார். நாச்சியார்கோவில் பா. தாவூத்ஷா அரசுப் பணியைத் துறந்து 'தாருல் இஸ்லாம்' இதழைப் பல பத்தாண்டுகள் கொண்டு செலுத்தினார். தமிழ் இதழியல் வரலாற்றை எழுதப் புகுவோர் இப்பெயர்களைத் தாண்டிச் செல்ல இயலாது. இவர்களுள் எவரும் இதழியலை ஒரு கல்லூரியில் கற்றவர் அல்லர் என்பதும் உண்மையே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை தோன்றியதே 1947இல்தான். இன்றைய நிலை வேறு. செய்தி நிறுவனங்கள் பட்டத்தையும் பட்டயத்தையும் கேட்கின்றன; அவற்றுக்குக் கட்டணம் உண்டு.

அரசுத் திட்டங்களின் போக்கு

அரசு வழங்கும் உதவித்தொகைகள் பெரும்பாலும் தொழிற்கல்வியை நோக்கியே அமைந்துள்ளன. தமிழகத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் முதலிய படிப்புகளைக் கருதியே வகுக்கப்பட்டது. நடுவணரசு 2007இல் சிறுபான்மையினர்க்காகத் தொடங்கிய தகுதியும் வருவாயும் சார்ந்த உதவித்தொகையும் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கே உரியதாக இருந்தது. கலைப் பட்டம் பயில்வோர் அவ்வாண்டுகளில் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையை நாடவேண்டியிருந்தது. எம்.ஃபில்., பி.எச்.டி. ஆய்வாளர்க்குத் துணையாயிருந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. ஊடகத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்ட நம் மாணாக்கர் சிலருக்கும் அது ஓர் இழப்பே.

பாட வேறுபாடு பாராமல் கிடைப்பது தமிழக அரசின் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியர்க்கும் 2024 இறுதியில் புதுமைப்பெண் திட்டம் விரிவாக்கப்பட்டது. நம் சமுதாயப் பெண்கள் பலர் உதவிபெறும் பள்ளிகளிலிருந்து வருபவராதலின் இது குறிப்பிடத்தக்கது.

சமுதாய அறக்கட்டளைகள்

நாம் அதிகம் பேசவேண்டியது இங்கேதான். ஆண்டுதோறும் ஜூன், ஜூலைத் திங்களில் நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் அறக்கட்டளைகளும் கல்வி உதவி வழங்குகின்றன. விண்ணப்பப் படிவத்தில் 'படிப்பு' என்னும் கட்டத்தில் மருத்துவம் என்றோ பொறியியல் என்றோ எழுதியிருந்தால் பெரியோர் முகம் மலர்கிறது. 'காட்சித் தொடர்பியல்' என்று எழுதியிருந்தால், 'இது என்னம்மா படிப்பு, சினிமாவா?' என்னும் வினா எழுகிறது. அவ்வினாவில் தீய எண்ணம் ஏதுமில்லை. கொடுத்த பொருள் ஒரு குடும்பத்தை நிமிர்த்த வேண்டும் என்றே கொடையாளர் எண்ணுகிறார். மருத்துவரின் வருவாய் உறுதியானது. செய்தியாளரின் வருவாய் அத்தகையதன்று. இக்கணக்கு நியாயமானதே. ஆயினும் இது முழுக் கணக்கு அன்று.

2020ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்றை நினைவுகூர்வோம். கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில் தில்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரைப் பற்றி வாரக்கணக்கில் வந்த செய்திகளை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலர்மீதான வழக்குகளை நீக்கியதோடு, ஊடகங்கள் செய்த பரப்புரையையும் கடிந்துரைத்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் முதற்செய்தி சென்ற இடமெல்லாம் தீர்ப்பு செல்லவில்லை. அந்நாட்களில் செய்தி அறையின் மேசைதோறும் தப்லீக் என்றால் என்ன, ஜமாஅத் என்றால் என்ன என்று அறிந்த ஒருவர் அமர்ந்திருந்தால் தலைப்புகள் சற்றேனும் வேறாக அமைந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். அத்தகையோர் நம் பிள்ளைகளாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஒருவரும் இல்லாதிருப்பது எவர்க்கும் நன்மையன்று.

தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 1982இல் நிறுவப்பட்ட ஏ.ஜே.கே. மக்கள் தொடர்பியல் ஆய்வு மையம் இதற்கு நல்ல சான்று. முஸ்லிம் பெருமக்கள் 1920இல் தோற்றுவித்த கல்வி நிலையத்திலிருந்தே அம்மையம் கிளைத்தது. அங்குப் பயின்றவருள் ஒருவர் தானிஷ் சித்தீக்கி. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஒளிப்படக் கலைஞரான அவர், ரோஹிங்கியா அகதிகளின் துயரைப் படம்பிடித்த குழுவில் ஒருவராக 2018இல் புலிட்சர் பரிசு பெற்றார். 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் போர்க்களத்தில் உயிர்நீத்தார். மறு ஆண்டு மீண்டும் அப்பரிசு, இந்தியாவின் கொரோனாத் துயரைப் பதிவு செய்தமைக்காக, அவர் உள்ளிட்ட குழுவினர்க்கு வழங்கப்பட்டது. பொருளியல் பட்டம் பெற்ற அவர் தொடர்பியல் வகுப்புக்குச் செல்லாமல் அலுவலகம் ஒன்றுக்குச் சென்றிருந்தால் அப்படங்கள் நமக்குக் கிடைத்திரா.

அமெரிக்க முஸ்லிம்கள் இதனைச் சற்று முன்னரே உணர்ந்தனர். கலிஃபோர்னியாவில் 2009இல் தொடங்கப்பட்ட 'இஸ்லாமிக் ஸ்காலர்ஷிப் ஃபண்ட்' என்னும் அமைப்பு இதழியல், திரைப்படம், சட்டம், பொதுக்கொள்கை போன்ற துறைகளைப் பயில்வோர்க்கே உதவித்தொகையை ஒதுக்குகிறது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் எவர் தூண்டுதலையும் எதிர்பார்ப்பதில்லை. தூண்டுதல் தேவைப்படுவது பிறவற்றுக்கே என்பதே இதன் அடிப்படை. செல்வர் மிகுந்த அந்நாட்டோடு நம்மை ஒப்பிட வேண்டியதில்லை. கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணம் மட்டுமா செலவு?

தொடர்பியல் மாணாக்கரின் செலவு பிற துறையினரின் செலவைப் போன்றதன்று. இதனை உணராமல் வழங்கப்படும் உதவி பாதி வழியில் நின்றுவிடும். நம் மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் இளங்கலையை நல்ல மதிப்பெண்களோடு முடித்தார். கட்டுரையும் நேர்காணலும் எழுதுவதில் வல்லவர். சென்னையில் ஒரு செய்தி நிறுவனம் அவருக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு இடமளித்தது. ஊதியம் இல்லை. கல்லூரிக் கட்டணத்துக்கு உதவிய அறக்கட்டளையிடம் விடுதி வாடகைக்கும் உணவுக்கும் பேருந்துக்கும் விண்ணப்பித்தார். 'கட்டண ரசீது இருந்தால்தான் தரமுடியும்' என்பது விடை. பயிற்சிக்கு ரசீது ஏது? அவர் போகவில்லை. இன்று தம் ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். அக்கணக்கும் நேர்மையான தொழிலே. ஆனால் அவர் எழுதவேண்டியது அதுவன்று.

ஊடகத் தொழிலில் நுழைவாயில் பயிற்சிக் காலமே. அங்குதான் அறிமுகமும் வேலையும் கிடைக்கின்றன. ஊதியமின்றி இரண்டு திங்கள் சென்னையில் தங்கக்கூடியவர் எவரோ அவரே உள்ளே நுழைகிறார். சென்னையில் மாமன் வீடோ சித்தப்பா வீடோ உள்ள பிள்ளைக்கு இது எளிது. இளையான்குடியிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வருபவர்க்கு அவ்வாறன்று. ஆகவே ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கு ஐந்து மாணாக்கர்க்கு மட்டும் உதவ இயலுமாயினும், அத்தொகையைச் சேர்க்கைக் கட்டணத்துக்குத் தராமல் பயிற்சிக் காலத்துக்குத் தருவதே பயன் மிகுந்தது என்பது நம் கருத்து. பெண்பிள்ளைகளாயின் பாதுகாப்பான விடுதிக்கு ஏற்பாடு செய்வது பணத்தினும் பெரிய உதவி.

அடுத்தது கருவி. ஒளிப்படக் கருவியும் ஒலிவாங்கியும் கணினியும் தனி ஒருவர் வாங்கக்கூடியன அல்ல. கல்லூரிக்கு ஒரு தொகுதி இருந்தால் நூலகப் புத்தகம்போல் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். இங்கே ஒரு மார்க்க நுணுக்கம் உண்டு. ஜகாத் பொருளை அதற்குரியவரின் உடைமையாக்க வேண்டும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. எனவே பொதுக்கருவி வாங்க ஜகாத்தைப் பயன்படுத்துதல் தகாது; ஸதக்கா, வக்ஃப் ஆகிய வழிகளே அதற்கு ஏற்றவை. வறிய மாணாக்கர் கையில் நேரடியாக ஜகாத்தைக் கொடுப்பதற்கோ அவர் பயிலும் பாடம் தடையாகாது. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் கூறும் எட்டு வகையினருள் வறியோரே முதலில் நிற்கின்றனர். உள்ளூர் ஆலிம்களைக் கலந்துகொண்டு அறக்கட்டளைகள் இதனைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

கடனாகக் கொடுக்கும் முறையும் உண்டு. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் நாடுகளின் மாணாக்கர்க்கு 1980களில் தொடங்கிய உதவித்தொகை இவ்வகையில் அழகானது. மாணவர்க்கு அது வட்டியில்லாக் கடன். அவர் சார்ந்த சமுதாயத்திற்கோ அது கொடை. வேலை கிடைத்தபின் அவர் திருப்பிச் செலுத்தும் தொகை வங்கிக்குச் செல்லாமல் உள்ளூர் அறக்கட்டளைக்குச் சென்று அடுத்த மாணவர்க்குப் பயன்படுகிறது. அத்திட்டம் தொடக்கத்தில் மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கே முதலிடம் தந்தது. முறையை எடுத்துக்கொண்டு துறையை விரிப்பதில் தடையேதுமில்லை. ஆனால் ஊடகத் தொழிலில் முதல் ஆண்டுகளின் ஊதியம் குறைவாதலால், திருப்பிச் செலுத்தும் காலத்தை மருத்துவர்க்கு விதிப்பதினும் நீட்டித்து வைத்தல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை பற்றியும் ஒன்று கூறவேண்டும். மதிப்பெண் பட்டியலைக் கொண்டு மருத்துவ மாணவரைத் தேரலாம். செய்தியாளரை அவ்வாறு தேர இயலாது. விண்ணப்பத்துடன் தம் ஊரைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைக் கேட்கலாம். தர்கா வாசலில் பூ விற்பவரையோ, தோல் பதனிடும் தொழிலாளியையோ, பாய் நெய்யும் மூதாட்டியையோ கண்டு பேசி எழுதிய நேர்காணலாக இருந்தால் இன்னும் நன்று. அதனைப் படித்துப் பார்க்கும் குழுவில் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும், பணியிலுள்ள அல்லது ஓய்வு பெற்ற இதழாளர் ஒருவரும், ஜமாஅத் பெரியவர் ஒருவரும் இருந்தால் போதும். கட்டுரையைப் பெரியவரே முதலில் படிக்கட்டும்.